நண்டின் அடிப்பக்கம்

மீன் கடையில் நீலக்கால் நண்டு வாங்குகிறவர்கள் கனம் பார்ப்பார்கள், கால் எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சங்கதியே அடிப்பக்கத்தில்தான். மல்லாத்தினால் வயிற்றோடு மடிந்து ஒட்டிய ஒரு மூடி தெரியும். அது குறுகிக் கூம்பினால் ஆண், அகன்று வளைந்தால் பெண். இறாலுக்கு வாலாக நீண்டிருக்கும் அதே உறுப்புதான் நண்டுக்கு இப்படி உள்ளே மடிந்துவிட்டது.

முட்டையிட்ட பெண் நண்டு, பொரிக்கும்வரை முட்டைகளை இந்த மூடிக்குள்ளேயே சுமக்கிறது. உட்புறத்துக் குட்டிக் கால்களின் மயிரிழைகளில் அவை கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். காரைக்கால் மாவட்டத்தின் மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பின்படி, சுமார் 2 லட்சம். நன்றாக வளர்ந்த ஒரே நண்டின் மூடிக்குள் அதைவிட அதிக முட்டைகள் இருக்கலாம்!

முட்டையின் நிறமே நாள்காட்டி. புதிதில் மஞ்சள் அல்லது ஆரஞ்சு. உள்ளிருக்கும் கரு மஞ்சள்கருவைத் தின்று வளர வளர, திரள் பழுப்பாகி, கடைசியில் கருஞ்சாம்பலாகும். அந்தக் கருமையில் பெரும்பங்கு கண்கள்தான். பிறக்கப்போகும் குஞ்சுகளின் கண்கள், லட்சக்கணக்கில். நாம் ருசித்துச் சாப்பிடும் சினை இதுவல்ல, ஓட்டுக்குள் இருக்கும் சினைப்பை. வெளியே தொங்கும் இந்தத் திரளைப் பெரும்பாலும் வழித்துச் சாக்கடையில்தான் போடுகிறோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், காரைக்காலின் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்வளம் பெருகத்தான் இந்தத் தடைக்காலம். ஆனால் நண்டு மற்ற மாதங்களிலும் முட்டையிடும். அப்போது அதைக் காப்பாற்றக்கூடியவர்கள், வலையிலிருந்து திருப்பி விடும் மீனவரும், வேண்டாம் என்று சொல்லும் வாடிக்கையாளரும் மட்டுமே.

சரி, நண்டுக்கு வலிக்குமா? 2009இல் பெல்ஃபாஸ்டில் ராபர்ட் எல்வுட் என்ற ஆய்வாளரும் சக ஆய்வாளரும், சங்குக்குள் வாழும் துறவி நண்டுகளுக்கு லேசான மின்அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். சில நண்டுகள் சங்கை விட்டு ஓடின. பிடித்தமான வகைச் சங்கில் இருந்தவை அவ்வளவு எளிதில் ஓடவில்லை! வெறும் அனிச்சைச் செயலாக இருந்தால் இந்தக் கணக்கு எதற்கு? இதுமாதிரியான சான்றுகள் சேர்ந்ததால், 2022இல் பிரிட்டன் நண்டையும் இறாலையும் உணர்வுள்ள உயிர்களாகச் சட்டத்தில் சேர்த்தது. சுவிட்சர்லாந்து 2018இலேயே சிங்கிறாலை மயக்காமல் கொதிநீரில் போடுவதைத் தடை செய்துவிட்டது. நாம் ஒன்றும் பின்தங்கவில்லை: நம் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் ‘விலங்கு’ என்றால் மனிதர் தவிர்த்த எந்த உயிரும்தான். உணவுக்காகக் கொல்லலாம், தேவையற்ற வேதனை மட்டும் கூடாது.

கொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. நண்டுக்கு நம்மைப்போல் ஒரே மூளை கிடையாது. முக்கியமான நரம்புத்திரள்கள், அதாவது நரம்பணுக்கள் குவிந்த முடிச்சுகள், இரண்டு. ஒன்று கண்களுக்குப் பின்னால், மற்றொன்று வயிற்று மூடிக்கு அடியில், உடலுக்குள். ஒன்றை மட்டும் குத்தினால் மற்றது வேலை செய்துகொண்டிருக்கும்.

ஆகவே உயிரோடு வந்த நண்டை நேரே கொதிக்கும் குழம்பில் போடாதீர்கள். ஐஸ் நிறையப் போட்ட உப்புநீரில் குறைந்தது 20 நிமிடம் வையுங்கள். நம் வெப்பக்கடல் நண்டு அந்தக் குளிரில் அசைவற்று மரத்துப்போகும். பிறகு இரண்டு முடிச்சுகளையும் கூரான கத்தியால் சட்டென்று பிளந்துவிடுங்கள். குழம்பின் ருசி இதனால் கொஞ்சமும் குறையாது.