கிரில்லைச் சுற்றிப் பழுப்புக் கறையா?

டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பல வீடுகளில் ஏசிக்கும் ஹீட்டருக்கும் பொதுவாக ஒரே அமைப்புதான். காற்று டக்ட் குழாய்களில் ஓடி அறை அறையாகப் போகிறது. குழாய்கள் கிடப்பதோ கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவிலுள்ள அட்டிக்கில். கோடை மதியத்தில் அங்கே வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஒவ்வொரு குழாயும் சீலிங் ஓட்டைக்கு மேல் பொருத்திய ஒரு பெட்டியில் வந்து முடியும். கீழிருந்து பார்த்தால் அதை மூடியிருக்கும் கிரில் மட்டும்தான் கண்ணில் படும்.

இந்தப் பெட்டி பெரும்பாலும் வெறும் இரும்புத் தகடு. உள்ளே வருவது ஏறக்குறைய 13 டிகிரி குளிர்காற்று. ஹூஸ்டன் போன்ற ஊரில் கோடைக் காற்றில் ஈரம் அதிகம். 23, 24 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அது நீராகிவிடும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரைப் போலத் தகடு வியர்க்கிறது. அந்த நீர் சீலிங்கின் ஜிப்சம் பலகையில் ஊறி, கிரில்லைச் சுற்றிப் பழுப்பு வளையமாகிறது. பிறகு பூஞ்சை. கூரை ஒழுகுகிறது என்று எண்ணி ஓடு மாற்றச் செலவழிப்பவர்களும் உண்டு. மழையே இல்லாத புழுக்க நாட்களில், ஏசி நெடுநேரம் ஓடும்போது கறை பெரிதானால், முதலில் இந்தப் பெட்டியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வெப்பக்காப்புப் பெட்டி இதற்காகவே வந்தது. தகட்டின் மேல் கண்ணாடி இழை சுற்றியதும் உண்டு. முழுப் பெட்டியையும் கெட்டியான கண்ணாடி இழைப் பலகையாலேயே செய்வதும் உண்டு. காப்புத் திறனை ‘ஆர்’ எண்ணால் சொல்வார்கள்: ஆர்-4, ஆர்-6, ஆர்-8. எண் கூடக் கூடக் காப்பும் கூடும். குழாய்க்கு ஆர்-8 உறை போட்டுவிட்டு, அது முடியும் பெட்டியை மொட்டையாக விடுவது எனக்குப் பொறுக்காத அரைகுறை வேலை. வெளிப்புற அலுமினியத் தாள் கிழியாமல் இருப்பதும் முக்கியம். கிழிசல் வழியே ஈரக்காற்று புகுந்தால் இழையே நனைந்துவிடும்.

காப்பு மட்டும் போதாது. பெட்டியின் விளிம்புக்கும் சீலிங் பலகைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி பல வீடுகளில் இருக்கிறது. அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டக் கணக்கின்படி, ஒரு சாதாரண வீட்டில் டக்ட் வழியே செல்லும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் கசிவிலும் சரியில்லாத இணைப்புகளிலும் வீணாகிறது. அட்டிக்கில் குளிர்காற்று கசிந்தால், ஈடுகட்ட வெளியிலிருந்து வெக்கைக் காற்றை வீடு உள்ளிழுக்கும். மின் கட்டணம் இரண்டு வகையிலும் ஏறும்.

கிரில்லைக் கழற்றி விளிம்பைப் பாருங்கள். கருந்தூசிக் கோடு தெரிந்தால் அங்கே காற்று கசிகிறது. இந்த இடைவெளியைக் கீழிருந்தே அடைத்துவிடலாம். பெட்டிக்கு உறை சுற்றுவதென்றால் அட்டிக்கில் ஏற வேண்டும், அதிகாலையில் ஏறுங்கள். அடைப்பதற்கு மாஸ்டிக் பசைதான் சிறந்தது. கடையில் ‘டக்ட் டேப்’ என்று விற்கும் துணி ஒட்டுநாடா வேண்டாம். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் 1998-இல் பல ஒட்டுப்பொருள்களைச் சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றிச் சோதித்தபோது, டக்ட் இணைப்பில் தாக்குப்பிடிக்காமல் உரிந்து வந்தது அந்த நாடாதான்.