எட்வர்டா... ஜேக்கப்பா? - ரத்தக்காட்டேரிக் கதைகளில் டீன்ஏஜ் பிள்ளைகள் எதைத் தேடுகிறார்கள்?

2008, ஆகஸ்ட் 1. மணி இரவு பன்னிரண்டை நெருங்குகிறது. அமெரிக்காவின் பல ஊர்களில் புத்தகக் கடைகள் ஷட்டரை இறக்காமல் காத்திருக்கின்றன. வாசலில் நீண்ட வரிசை. நிற்பவர்களில் பெரும்பாலானோர் பள்ளிக்கூடம் போகும் வயதுப் பெண்கள். சிலருக்குத் துணையாக அம்மாக்கள். இத்தனை பேரும் காத்திருப்பது சினிமா டிக்கெட்டுக்கு அல்ல, 700 பக்கங்களைத் தாண்டும் ஒரு குண்டு நாவலுக்கு! ஸ்டெஃபனி மேயர் எழுதிய 'ட்விலைட்' வரிசையின் நான்காவது புத்தகமான 'பிரேக்கிங் டான்', வெளியான முதல் நாளிலேயே அமெரிக்காவில் மட்டும் 13 லட்சம் பிரதிகள் விற்றது.

'இந்தக் காலத்துப் பிள்ளைகள் புத்தகத்தையே தொடுவதில்லை' என்று பெரியவர்கள் புலம்பிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தப் புலம்பலைப் பொய்யாக்கியது யார் தெரியுமா? ஒரு ரத்தக்காட்டேரி!

அமானுஷ்ய நாவல் படிக்கும் டீன்ஏஜ் வாசகி உங்கள் வீட்டில் இருந்தால், ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 'எட்வர்டா, ஜேக்கப்பா?' அடுத்த அரை மணி நேரத்துக்கு உங்களுக்குப் பேச வாய்ப்பே கிடைக்காது.

மூன்றே மாதத்தில் எழுதிய கதை

'ட்விலைட்' பிறந்தது ஒரு கனவில். மூன்று சின்னப் பையன்களுக்கு அம்மாவாக, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வசித்துவந்தார் ஸ்டெஃபனி மேயர். 2003 ஜூன் 2-ம் தேதி அவருக்கு ஒரு கனவு. புல்வெளி ஒன்றில் ஒரு சாதாரணப் பெண்ணும் வெயிலில் மினுங்கும் ரத்தக்காட்டேரியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவனுக்கு அவளைப் பிடித்திருக்கிறது, அவள் ரத்தத்தின் மீதும் ஆசை இருக்கிறது. எழுந்ததும் அதை எழுதத் தொடங்கியவர், குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே மூன்று மாதத்தில் முழு நாவலையும் முடித்தார். 15 இலக்கிய ஏஜென்ட்டுகளுக்கு எழுதிப்போட, பெரும்பாலான இடங்களிலிருந்து 'வேண்டாம்' என்று பதில் வந்தது, அல்லது பதிலே வரவில்லை. கடைசியில் மூன்று புத்தகங்களுக்கு ஏழரை லட்சம் டாலர் ஒப்பந்தம்! 2005-ல் முதல் நாவல் வெளியானது.

கதை இதுதான். 17 வயது பெல்லா, எப்போதும் மழை பெய்யும் ஃபோர்க்ஸ் என்ற சிற்றூருக்கு, போலீஸ் அதிகாரியான அப்பாவுடன் வசிக்க வருகிறாள். அங்கே பள்ளியில் சந்திக்கும் எட்வர்ட், 1918-லிருந்து 17 வயதிலேயே நிற்கும் ரத்தக்காட்டேரி. ஆனால் அவனும் அவன் குடும்பமும் மனித ரத்தத்தைத் தொடுவதில்லை என்ற விரதத்தில் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம் பெல்லாவின் நண்பன் ஜேக்கப். பழங்குடி இளைஞனான அவன், ஓநாயாக உருமாறுகிறவன். இவர்களில் யார் பக்கம் நிற்பது என்பதில்தான் உலகம் முழுக்கப் பிள்ளைகள் 'டீம் எட்வர்ட்', 'டீம் ஜேக்கப்' என இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள்.

கட்சிச் சண்டைக்குள் ஒளிந்திருக்கும் கேள்வி

பெரியவர்களுக்கு இது வெட்டிச் சண்டையாகத் தெரியும். கொஞ்சம் காது கொடுத்தால் விஷயம் வேறு. எட்வர்ட் கட்சிக்காரர்கள், அவனுடைய சுயக்கட்டுப்பாட்டைப் பேசுகிறார்கள். ஆசை இருந்தும் அவளைக் காயப்படுத்தாமல் விலகி நிற்கிறானே என்பது அவர்கள் வாதம். ஜேக்கப் கட்சிக்காரர்களோ, 'அவனோடு இருக்கும்போதுதான் பெல்லா சிரிக்கிறாள். நண்பர்கள், அப்பா, சாப்பாடு, தூக்கம் எதையும் இழக்காமல் இருக்கிறாள்' என்கிறார்கள். இரண்டையும் ஏற்காத மூன்றாவது கட்சி ஒன்றும் உண்டு. 'இரண்டு பையன்களில் ஒருவனைத் தேர்ந்தெடுப்பதைத் தவிர பெல்லாவுக்கு வேறு வேலையே இல்லையா?' என்பது அவர்களின் கேள்வி.

நல்ல துணை என்றால் யார், அன்புக்கும் அடக்கி ஆளுவதற்கும் எங்கே கோடு போடுவது, காதலுக்காக எதையெல்லாம் விட்டுக்கொடுக்கலாம் என்பவை, எந்த டீன்ஏஜ் பிள்ளையும் அம்மா அப்பாவிடம் நேரடியாகக் கேட்கத் தயங்கும் கேள்விகள். ஒரு ரத்தக்காட்டேரியையும் ஓநாயையும் முன்னால் நிறுத்திவிட்டு, அதே கேள்விகளைக் கூச்சமில்லாமல் பேச முடிகிறது.

வெயிலில் மினுங்கலாமா?

அடுத்த பெரிய சண்டை, விதிமுறைகள் பற்றியது. 'ரத்தக்காட்டேரி வெயிலில் எரிந்து சாகணும். எட்வர்ட் என்னடான்னா வைரம் மாதிரி மினுங்குறான். இதெல்லாம் ஒரு ரத்தக்காட்டேரியா?' என்று கேலி செய்பவர்கள் உண்டு. ஆனால் இந்த வகை நாவல்களில் ஊறிய வாசகியிடம் இதைச் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். பிராம் ஸ்டோக்கர் 1897-ல் எழுதிய மூல 'டிராகுலா' நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுகிறான். சக்திதான் குறைவாக இருக்கும். சூரிய ஒளி பட்டதும் அழிவது என்ற விதியை மக்கள் மனதில் பதித்தது 1922-ல் வெளியான 'நோஸ்ஃபெராட்டு' என்ற மௌனப் படம். அதாவது, ஒவ்வொரு தலைமுறையும் தனக்கான ரத்தக்காட்டேரியைத் தானே உருவாக்கிக்கொண்டிருக்கிறது.

'ட்விலைட்' முடித்த பிள்ளைகள் அடுத்துத் தேடிப்போகும் நாவல்களில் ஒன்று ரிச்செல் மீட் எழுதிய 'வாம்பயர் அகாடமி'. 2007-ல் தொடங்கி ஆறு புத்தகங்கள். இதன் நாயகி ரோஸ், யாராவது வந்து காப்பாற்றட்டும் என்று காத்திருப்பவள் அல்ல. தன் தோழி லிஸ்ஸாவைக் காக்கும் மெய்க்காப்பாளராகப் பயிற்சி எடுப்பவள். கதையின் நடுநாயகமே இரண்டு பெண்களின் நட்புதான். பெல்லாவின் மீது கோபம் இருக்கும் வாசகிகளுக்கு ரோஸைக் கண்டால் உயிர். இந்த நாவலில் வரும் 'மொரோய்', 'ஸ்ட்ரிகோய்' என்ற பெயர்கள் ருமேனிய நாட்டார் நம்பிக்கைகளிலிருந்து வந்தவை என்பதையும் அவர்கள் தேடிப் படித்துவைத்திருப்பார்கள்.

அம்மா எழுத, மகள் திருத்த...

2007-ல் வந்த இன்னொரு பிரபல வரிசை 'ஹவுஸ் ஆஃப் நைட்'. ரத்தக்காட்டேரியாக மாறப்போகும் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளியில் சேரும் ஜோயி என்ற பெண்ணின் கதை. இதை எழுதியவர்கள் ஓர் அம்மாவும் மகளும். அம்மா பி.சி.காஸ்ட் எழுதுவார். கல்லூரி மாணவியாக இருந்த மகள் கிறிஸ்டின், 'இந்த வயதுப் பிள்ளைகள் இப்படிப் பேசமாட்டார்கள்' என்று உரையாடலைச் சரிசெய்வார். பிள்ளைகளின் உலகத்தை எழுத வேண்டுமென்றால் பிள்ளைகளிடம் கேட்டாக வேண்டும் என்பதை அந்த அம்மா புரிந்துகொண்டிருந்தார்.

இன்னும் ஒரு படி மேலே போனவர் அமெலியா அட்வாட்டர் ரோட்ஸ். ரத்தக்காட்டேரிக் கதையான 'இன் தி ஃபாரஸ்ட்ஸ் ஆஃப் தி நைட்' நாவலை அவர் எழுதியபோது வயது 13. 1999-ல் அது புத்தகமாக வந்தது. பெரியவர்கள் எழுதித் தரட்டும் என்று அந்தச் சிறுமி காத்திருக்கவில்லை.

இதுவும் புதிதல்ல. 1816-ல் ஜெனீவா ஏரிக்கரையில் மழையால் வீட்டுக்குள் முடங்கிய நண்பர்கள், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று போட்டி போட்டார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த மேரிக்கு அப்போது 18 வயது. அவர் எழுதத் தொடங்கிய கதைதான் 'ஃபிராங்கன்ஸ்டைன்'. அதே கூட்டத்தில் இருந்த மருத்துவர் ஜான் பாலிடோரி எழுதிய 'தி வாம்பயர்' 1819-ல் வெளியாகி, ஆங்கில ரத்தக்காட்டேரிக் கதைகளுக்குப் பிள்ளையார் சுழி போட்டது.

'நான்தான் அந்த ஓநாய்!'

பேய், ஓநாய், சாபம் இதெல்லாம் டீன்ஏஜ் பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது? திடீரென்று உடல் மாறுகிறது. குரல் மாறுகிறது. காரணமே தெரியாமல் கோபம் வருகிறது. கண்ணாடியில் தெரிவது தான்தானா என்ற சந்தேகம் வருகிறது. ஓநாயாக உருமாறும் பையனின் கதையும் இதுவேதான். 'வகுப்பில் நான் மட்டும் வேறு மாதிரி இருக்கிறேன்' என்று நினைக்கும் பிள்ளைக்கு, 'வேறு மாதிரி இருப்பதுதான் உன் சக்தி' என்று சொல்லும் நாவல் எவ்வளவு ஆறுதல்!

இதற்கு நல்ல உதாரணம் 'பெர்சி ஜாக்சன்'. பள்ளி ஆசிரியராக இருந்த ரிக் ரியோர்டனின் மகனுக்குக் கற்றல் குறைபாடான டிஸ்லெக்ஸியாவும், கவனச் சிதறல் பிரச்னையான ஏ.டி.ஹெச்.டி-யும் இருந்தன. படிப்பு என்றாலே கசப்பு. ஆனால் இரவில் அப்பா சொல்லும் கிரேக்கப் புராணக் கதைகள் மட்டும் பிடிக்கும். தெரிந்த கதைகள் தீர்ந்துபோனதும், புதிதாக ஒன்று சொல்லச் சொன்னான் மகன். அப்பா உருவாக்கிய நாயகன்தான் பெர்சி. அவனுக்கும் அதே இரண்டு பிரச்னைகள். காரணம்? அவன் மூளை பழைய கிரேக்க மொழிக்காகப் படைக்கப்பட்டது, அதனால் ஆங்கில எழுத்துகள் மிதக்கின்றன. ஓரிடத்தில் உட்கார முடியாதது போர்வீரனின் சுறுசுறுப்பு! 2005-ல் முதல் புத்தகம் வெளியானது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறிய எத்தனையோ பிள்ளைகள், தங்களைப் போன்ற ஒருவனை முதன்முதலாக நாயகனாகப் பார்த்தார்கள்.

ரியோர்டனின் பெயரில் தொடங்கிய வெளியீட்டு வரிசையின் முதல் புத்தகம், 2018-ல் ரோஷனி சோக்ஷி எழுதிய 'ஆரு ஷா அண்ட் தி எண்ட் ஆஃப் டைம்'. அமெரிக்காவில் வளரும் 12 வயது ஆரு, ஏற்றக் கூடாத விளக்கை ஏற்றிவிடுகிறாள். பாண்டவர்கள் இந்தக் காலத்துச் சிறுமிகளாகப் பிறந்திருக்கிறார்கள் என்பதுதான் கதையின் முடிச்சு. மகாபாரதம் கேட்டு வளர்ந்த பாட்டியும் பேத்தியும் சேர்ந்தே படிக்கலாம்.

பெற்றோரின் பயமும் நியாயம்தான்

அதற்காக எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. பெல்லா தூங்குவதை, அவளுக்குத் தெரியாமல் அறைக்குள் வந்து இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறான் எட்வர்ட். நாவலில் அது காதல். நிஜத்தில் அது அத்துமீறல். இரண்டாவது நாவலான 'நியூ மூன்'-ல், எட்வர்ட் பிரிந்ததும் பெல்லா மாதக்கணக்கில் உடைந்துகிடக்கிறாள், ஆபத்தான செயல்களில் இறங்குகிறாள். காதல் போனால் வாழ்க்கையே போச்சு என்ற எண்ணம் பிள்ளைகள் மனதில் பதிந்துவிடுமோ என்ற கவலை இயல்பானது. 2009-ல், நூலகங்களிலிருந்து நீக்கச் சொல்லி அதிகப் புகார்கள் வந்த புத்தகங்கள் என அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட முதல் 10 பட்டியலில் 'ட்விலைட்' வரிசையும் இருந்தது.

விமர்சனம் எழுத்தாளரையும் எட்டியது. 2015-ல் மேயர், ஆண் பெண் பாத்திரங்களை இடம் மாற்றி 'லைஃப் அண்ட் டெத்' என்ற பெயரில் அதே கதையை எழுதினார். இதில் ரத்தக்காட்டேரி பெண், ஆபத்தில் மாட்டுவது பையன்.

நிஜமான ஓர் உரசலும் உண்டு. ஜேக்கப்பின் இனமாகக் கதையில் வரும் க்விலியூட் பழங்குடியினர், ஃபோர்க்ஸுக்கு அருகே கடற்கரையில் உண்மையிலேயே வாழ்பவர்கள். ஓநாயிலிருந்து மனிதர்கள் தோன்றிய கதை அவர்களின் மரபில் உண்டு. ஆனால் ஓநாயாக மாறிச் சண்டை போடும் இளைஞர்கள் நாவலாசிரியரின் கற்பனை. அவர்களுடைய நிஜக் கவலை சுனாமி. மேட்டுநிலத்துக்குக் குடிபெயர வழிசெய்யும் சட்டம் 2012-ல் வந்தது. கதையில் எது நிஜம், எது கற்பனை என்று தேடச் சொல்லிப் பிள்ளைகளைத் தூண்டிவிட, இதைவிட நல்ல இடம் இல்லை.

பிடுங்க வேண்டாம், பேசுங்கள்!

* வயதைப் பாருங்கள்: 10-12 வயதுக்கு 'பெர்சி ஜாக்சன்', 'ஆரு ஷா' பொருத்தம். 'ட்விலைட்' முதல் பாகம் 13-க்கு மேல். 'பிரேக்கிங் டான்', 'வாம்பயர் அகாடமி', 'ஹவுஸ் ஆஃப் நைட்' ஆகியவற்றில் உறவும் வன்முறையும் சற்றுத் தூக்கலாக இருக்கும். 15, 16 வயது வரை காத்திருக்கலாம்.

* முதல் 50 பக்கங்களையாவது நீங்களும் படியுங்கள்: படிக்காமல் திட்டினால், பிள்ளைகள் ஒளித்துவைத்துப் படிப்பார்கள்.

* கேலி செய்யாதீர்கள்: 'மர்மதேசம்' சீரியலுக்காக வேலையை எல்லாம் முடித்துவிட்டு டிவி முன் உட்கார்ந்த தலைமுறைதானே நாம்? அன்று கருப்பு, இன்று காட்டேரி. அவ்வளவுதான்.

* தீர்ப்பு சொல்லாமல் கேள்வி கேளுங்கள்: 'எட்வர்ட் செய்தது தப்பு' என்றால் பேச்சு முடிந்துவிடும். 'உன் ஃப்ரெண்ட் வீட்டில் ஒரு பையன் இப்படி ஜன்னல் வழியா வந்தா, அவகிட்ட நீ என்ன சொல்லுவே?' என்று கேட்டால் பேச்சு தொடங்கும்.

* படித்த பிறகு ரொம்ப நாள் சோர்வாகவே இருந்தால்: நாவலை மட்டும் குறை சொல்லாமல், பிள்ளையின் மனதில் என்ன ஓடுகிறது என்று விசாரியுங்கள். தேவைப்பட்டால் மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

இன்னொன்று. பிடித்த கதையின் முடிவு பிடிக்காமல், உங்கள் பிள்ளை நோட்டின் கடைசிப் பக்கங்களில் வேறு முடிவு எழுதிக்கொண்டிருக்கலாம். கணக்கு நோட்டு வீணாகிறதே என்று கோபப்படாதீர்கள். வரும்போது கடையில் ஒரு 200 பக்க நோட்டு வாங்கி வந்து, ஒன்றும் சொல்லாமல் மேஜையில் வைத்துவிடுங்கள்.