அயர்லாந்தின் ஆறு மாதத் தலைமை

கடன்பட்ட அங்கத்தினர் ஒருவர் தலைமை நாற்காலியில் அமர்ந்து, சங்க நிதியைப் பங்கிடும் விதிகளை முடிவு செய்யலாமா? நம் ஊர்களில் இவ்வினா எழுந்தால் பொதுச்சபை நள்ளிரவுவரை நீளும். 2013-ஆம் ஆண்டின் முற்பாதியில் ஐரோப்பிய ஒன்றியத்தில் நிகழ்ந்தது ஏறத்தாழ இதுவேயாகும்.

அப்பொழுது ஒன்றியத்தில் 27 நாடுகள். மக்கள் தொகை சுமார் 50 கோடி. அயர்லாந்தினரோ 46 லட்சம் பேரே. நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. வங்கிகளின் வீழ்ச்சியால் 2010 இறுதியில் ஒன்றியத்திடமும் சர்வதேச நாணய நிதியிடமும் கைநீட்டிய அந்நாடு, 2013 டிசம்பரில்தான் அக்கடன் திட்டத்தினின்று வெளிவந்தது. எனினும் மந்திரிகள் சபையின் தலைமை ஆறு மாதத்துக்கொரு நாடாக முறை மாறி வருவது. அவ்வாண்டு ஜனவரியில் அது அயர்லாந்தை அடைந்தது. 1889-லேயே லிமரிக் பகுதியில் கூட்டுறவு வெண்ணெய் நிலையம் கண்ட நாடாகையால், கூடிப் பேசித் தீர்ப்பது அதற்குப் புதிதன்று.

சபையின் முன் இருந்த பெருங்காரியம், 2014 முதல் 2020 வரைக்கான 'ஹொரைசன் 2020' என்னும் பொது ஆராய்ச்சித் திட்டம். தொகை சுமார் 7,700 கோடி யூரோ. ஆயினும் வழக்கு மூண்டது கணக்கெழுதும் முறையில். நேர்ச்செலவு போக, கட்டடம், மின்சாரம், அலுவலகம் ஆகிய பொதுச்செலவுகளை எவ்வாறு கொடுப்பது? முந்திய திட்டத்தில் சிலருக்கு 60 சதவீதம், சிலருக்கு 20, சிலருக்கு உண்மைச் செலவு எனப் பலவிதம். தேர்ந்த கணக்கர் இல்லாத சிறு தொழில்கள் விண்ணப்பிக்கவே அஞ்சின. யாவருக்கும் ஒரே விகிதம் 20 என்றது கமிஷன். முழுக் கணக்குக் காட்டவல்ல பெரிய பல்கலைக்கழகங்கள் உண்மைச் செலவையே கேட்டன. நாடாளுமன்றப் பிரதிநிதிகளும் அவற்றின் சார்பில் வாதாடினர். அவர்கள் வாதம் வெறும் பேராசையன்று. விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் நடத்துவோருக்கு ஒரே விகிதம் நட்டமே. ஆனால் பேரேடுகளைப் புரட்டிப் பழகிய எனக்கு, எளிய விதியிடமே மனம் சாய்கிறது.

தலைமை வகிப்பவர் தம் நாட்டுக்காகப் பேசுவதற்கில்லை. 27 நாடுகளின் சம்மதத்தையும் சுமந்து நாடாளுமன்றத்தோடு பேரம் பேச வேண்டும். இங்கேதான் சிறுமை வலிமையாயிற்று என்பது என் கருத்து. பெரிய நாடு அமர்ந்திருந்தால், தன் ஆய்வுக்கூடங்களுக்காகவே விதி செய்கிறதென்ற ஐயம் எழுந்திருக்கும். அயர்லாந்தின் இணை மந்திரி ஷான் ஷெர்லாக் தலைமையில் பேச்சு நடந்து, தவணை முடியச் சில நாட்களே இருக்கையில், ஜூன் இறுதியில் உடன்பாடு கண்டது. விகிதம் யாவருக்கும் 25. பின்தங்கிய நாடுகளின் ஆய்வு நிலையங்களை வலியவற்றோடு இணைக்கவும் தனி ஏற்பாடு செய்யப்பட்டது. ஆனால் பின்னாளில் அந்நாடுகள் பெற்ற பங்கு சிறிதே.

டிசம்பரில் திட்டம் சட்டமானபொழுது தலைமை மற்றொரு சிறு நாடான லிதுவேனியாவிடம் இருந்தது. 2021-இல் தொடங்கிய அடுத்த திட்டத்திலும் அந்த 25 சதவீதமே நீடிக்கிறது.