பாலன் குடிலும் ஓலைக் கூரையும்

நத்தார் நெருங்கும்போது மன்னாரின் கரையோரக் கிராமங்களுக்குத் தனி அழகு வந்துவிடும். தீவில் பேசாலை, தாழ்வுபாடு, பள்ளிமுனை, பெருநிலத்தில் வங்காலை, அரிப்பு என எங்கு சென்றாலும் வாசலில் நட்சத்திரக்கூடு, விறாந்தையில் பாலன் குடில், வேலியில் மின்குமிழ்ச் சரம். வசதி குறைந்த வீட்டிலும் வைக்கோல் பரப்பி, ஓலை வேய்ந்த ஒரு சிறு குடிலாவது இருக்கும். 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ ஊரில் அசிசியின் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலிலும் வைக்கோல்தான் இருந்தது. ஆகவே வைக்கோலைக் கைவிடுங்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. அதன் அருகில் எதை வைக்கிறோம் என்பதைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

மார்கழி மழைக்காலந்தானே, நனைந்த ஓலை எங்கே பற்றப்போகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கிடுகுக் கூரையின் வெளிப்புறம் நனைந்திருக்கலாம். உட்புறமோ ஆண்டு முழுவதும் அடுப்புப் புகை பட்டு, கரி படிந்து, காய்ந்து கிடக்கும். கையை உயர்த்தித் தொட்டுப் பார்த்தால் புரியும். அத்துடன் வாடைக்காற்றும் சேர்ந்தால் ஒரு கூரையில் பிடித்த தீ பக்கத்து வேலிக்குத் தாவச் சில நிமிடங்களே போதும்.

கடலுக்கு அப்பால் தமிழகத்தில் 2004ஆம் ஆண்டு நடந்தவற்றை இங்கு நினைவுகூர வேண்டும். அவ்வாண்டு ஜனவரி 23ஆம் திகதி ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் ஓலைப் பந்தல் தீப்பற்றியது. வீடியோப் படம் எடுப்பதற்காக இழுத்த மின்இணைப்பில் எழுந்த பொறியே காரணம் எனக் கூறப்பட்டது. மணமகன் உட்பட 50இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஜூலை 16ஆம் திகதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் சமையற் கொட்டிலில் தொடங்கிய தீ ஓலைக் கூரைக்கு ஏறி, 94 பிள்ளைகளைப் பலிகொண்டது. இரண்டு இடங்களிலும் தீ தொடங்கியது சிறிதாகத்தான். மேலே இருந்த ஓலைதான் அதைப் பெருந்தீ ஆக்கியது.

நம் கரையோரத்தில் மின்சாரச் சரங்களுக்கு இன்னொரு பகைவன் உண்டு. உப்புக்காற்று. சென்ற ஆண்டு கழற்றிச் சுருட்டி வைத்த சரத்தை எடுத்துப் பாருங்கள். முறுக்கிச் சேர்த்த இடங்களில் செம்புக் கம்பி பச்சை பூத்திருக்கும். அந்த இடத்தில் மின்சாரம் தடைப்பட்டு ஓடுவதால் கம்பி சூடேறும். வெளியில் எதுவும் தெரியாது. வயர் உறை மெல்ல உருகி, ஒருநாள் பொறி கிளம்பும். இப்போது பெரும்பாலும் விற்கும் எல்.ஈ.டி. குமிழ்கள் பழைய குமிழ்களைப் போலச் சூடாவதில்லை என்பது உண்மை. ஆனால் பச்சை பூத்த மூட்டுக்கு அந்த வேறுபாடு தெரியாது. உறை வெடித்த, மூட்டு கறுத்த சரத்தை டேப் சுற்றிக் காப்பாற்ற முயலவேண்டாம். வயரை ஆணியால் அறைவதும், பாய்க்கடியில் ஒளித்துக் கொண்டுசெல்வதும், ஒரே பிளக்கில் நான்கைந்தைச் செருகுவதும் நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருந்தால் அதன் சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

குடிலுக்குப் பனி வேண்டுமென்று பஞ்சு ஒட்டுகிறோம். மன்னாரில் பனிக்கட்டி பெய்ததை எவரும் கண்டதில்லை, பெத்லகேமிலும் அது அபூர்வமே. பஞ்சு ஒரு பொறியில் பற்றும். ரெஜிபோம் உருகி, எரியும் துளிகளாகச் சொட்டும். குடிலுக்குள் மெழுகுதிரி வைப்பதை அறவே விட்டுவிடலாம். முன்னால் சற்றுத் தள்ளி, மணல் நிரப்பிய ஒரு சிரட்டையில் நட்டால் பக்திக்குக் குறைவில்லை.

மின்சாரம் நின்றால் இன்றும் சில வீடுகளில் குப்பி விளக்குத்தான். வெற்றுப் போத்தலின் மூடியில் துளையிட்டுத் திரி விட்ட விளக்கு உயரமானது, இலேசானது. பிள்ளையின் கை பட்டாலே சாய்ந்து, மண்ணெண்ணெய் சிந்தும். இவ்வாறு எரிந்து வந்த நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, 1990களின் தொடக்கத்தில் மார்மைட் போத்தலைக் கொண்டு பரிசோதித்து, குட்டையும் பாரமுமான ஒரு விளக்கை உருவாக்கினார். அதன் மூடி திருகி இறுக்குவது. இரு பக்கமும் தட்டையாக இருப்பதால் விழுந்தாலும் உருளாது. ‘சுதீப’ எனப் பெயர்பெற்ற அந்த விளக்கு இலட்சக்கணக்கில் நாடெங்கும் பரவியது. 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருதும் கிடைத்தது. பெரும் பணம் தேவைப்படாத இத்தகைய கண்டுபிடிப்பையே அபிவிருத்தி என்று நாம் கருதுகிறோம்.

மீனவர் வீட்டுக்கு மேலதிக ஆபத்து ஒன்று உண்டு. வெளியிணைப்பு இயந்திரத்துக்கான எண்ணெய்க் கலனும் நைலோன் வலையும் பல வீடுகளில் ஒரே அறையில் கிடக்கின்றன. பெற்றோலின் ஆவி காற்றைவிடப் பாரமானது. அது தரையோடு தவழ்ந்து சென்று, அறையின் மறுகோடியில் எரியும் திரியையும் தேடிப்பிடிக்கும். 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கான்களில் சேமித்துவைத்த எண்ணெயால் நாட்டின் பல இடங்களில் வீடுகள் எரிந்தன. நத்தார் வாரத்திலாவது கலனை வீட்டுக்கு வெளியே, நிழலான தனி மறைப்புக்குக் கொண்டுசெல்லுங்கள். பலமுறை இடம்பெயர்ந்து, திரும்பவும் அலைந்து பெற்ற பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் அந்த ஓலைக்குக் கீழேதான் இருக்கின்றன. அவற்றை ஒரு தகரப் பெட்டியில் இட்டு, கதவோரம் வைப்பது நல்லது.

மிக ஆபத்தான நேரம் எது என்று கேட்டால், நள்ளிரவுத் திருப்பலி நேரத்தையே நாம் சொல்வோம். ஊரே கோவிலில். வீட்டில் விளக்குகள் எரிந்தபடி. நடக்கமுடியாத அப்பாச்சியோ அம்மம்மாவோ உள்ளே தனியாக. நட்சத்திரம் விடிய விடிய எரியவேண்டும் என்ற ஆசை புரிகிறது. ஆனால் புறப்படுமுன் சரங்களின் பிளக்கைக் கழற்றி, மெழுகுதிரியை அணைத்துவிட்டுப் போவதே முறை. முதியவரோடு யாராவது ஒருவர் இருக்கட்டும். அவர் மறுநாள் காலைத் திருப்பலிக்குப் போகலாம். வாலிபர் சங்கத்தினர் இருவர் இருவராகத் தெருவைச் சுற்றிவந்தால் பங்குக்கே பெரிய உதவி.

வருடப் பிறப்பிரவில் ஈர்க்குவாணத்தை ஓலை வீடுகள் உள்ள பக்கம் விடக்கூடாது. கடற்கரை அகலமாகத்தான் இருக்கிறது. வாடிகளையும் காயும் வலைகளையும் விட்டு விலகி அங்கே கொளுத்தட்டும்.

தீயணைப்பு வண்டி வருமுன் ஓலை வீடு எரிந்து முடிந்துவிடும். எனவே வாசலில் இரண்டு வாளி மணலும் ஒரு ஈரச் சாக்கும் வைத்திருங்கள். மின்சாரத் தீயென்றால் முதலில் மெயின் சுவிட்ச், பிறகுதான் மற்றவை. சிந்திய எண்ணெய்த் தீக்குத் தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் மிதந்து பரவும், மணலைக் கொட்டுங்கள். கூரை பிடித்துவிட்டால் பொருள் எடுக்க உள்ளே ஓடவேண்டாம். உடையில் தீப்பற்றியவரை ஓடவிடாமல் நிலத்தில் உருட்டுங்கள். சுட்ட இடத்தில் பற்பசையோ தேங்காயெண்ணெயோ பூசாமல், கிணற்றுத் தண்ணீரை 20 நிமிடம் விடாது ஊற்றி, சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். அம்புலன்ஸுக்கு 1990, தீயணைப்புக்கு 110. இந்த இரண்டு எண்களையும் கதவின் உட்புறம் சுண்ணாம்பால் எழுதிவிடலாம்.