பேய் இல்லாத பேய்ப் படம்

பேய்ப் படம் என்றால் பாழடைந்த பங்களா, நள்ளிரவு, வெள்ளை உருவம், கடைசிக் கட்டத்தில் சிலுவையோடு ஓடிவரும் பாதிரியார்! பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டோம் நாம். 'எரேசர்ஹெட்' என்ற அமெரிக்கப் படத்தில் இந்தச் சரக்கு எதுவும் இல்லை.

கதாநாயகன் யார் தெரியுமா, தோழர்களே? அச்சுத் தொழிலாளி! ஒற்றை அறை, இடைவிடாத இயந்திர இரைச்சல், குறைமாதத்தில் பிறந்த, மனித உருவற்ற குழந்தை. அதன் அழுகை பொறுக்காமல் பெற்றவள் தாய்வீடு போய்விடுகிறாள். அவ்வளவுதான் கதை; ஆனால் குலை நடுங்குகிறது.

எடுத்தவர் டேவிட் லிஞ்ச், அப்போது திரைப்பட மாணவர். பிலடெல்பியாவில் ஓவியம் பயின்ற காலத்தில், ஆலைப் புகையும் வறுமையும் சூழ்ந்த பகுதியில் மனைவி, கைக்குழந்தையோடு குடியிருந்தவர். அந்த அச்சத்தைத்தான் படமாக்கினார். மனிதன் பூச்சியாகிவிடும் கதை எழுதிய காஃப்காவிடமும் அவருக்குப் பெரும் ஈடுபாடு.

1972-இல் படப்பிடிப்பு; பணம் தீர்ந்து பலமுறை நின்றது. வீடுவீடாக 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' போட்டு — ஆம், முதலாளிகளின் ஏடேதான்! — சம்பாதித்து, 1977-இல் வெளியிட்டார். தொழிலாளியின் துயரம் படமானது எங்கே? எண்ணெய் அதிபர் டொஹேனி குடும்பத்து மாளிகையின் குதிரை லாயத்தில்!

நமக்கு ஒரு மனக்குறை. புகையைக் காட்டியவர், புகைபோக்கிக்குச் சொந்தக்காரன் யார் என்று காட்டவில்லை. கடைசியில் அந்தத் தொழிலாளி கத்தரிக்கோலை ஓங்குவது, தான் பெற்ற பிள்ளையின் மீதுதான்.