லிமிடெட் எடிஷன் கார் ஒரு முதலீடா? கணக்கு போட்டுப் பார்க்கலாம் வாங்க!

"மெக்லாரன் எஃப்1 விலை 25 மடங்கு ஏறிடுச்சு, அப்போ காரும் முதலீடுதானே?" இந்தக் கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும். உணர்ச்சியை ஓரமா வெச்சுட்டு, கணக்கா பார்ப்போம்.

ஜெயிச்ச கார்

1992-ல அறிமுகமான பிரிட்டன் கார் இது. ரேஸ் கார்களையும் சேர்த்து மொத்தமே 106 தான் தயாரிச்சாங்க. புதுசுல விலை சுமார் 8 லட்சம் டாலர். 400 கிலோமீட்டர்கூட ஓடாத 1995 மாடல் ஒண்ணு, 2021-ல அமெரிக்காவின் பெப்பிள் பீச் ஏலத்துல 2 கோடி டாலருக்கு மேல போச்சு.

26 வருஷத்துக்கு சிஏஜிஆர் போட்டா, வருஷத்துக்கு சுமார் 13%. நல்ல வருமானம்தான். ஆனா இன்சூரன்ஸ், சர்வீஸ், பாதுகாப்பு செலவு எதையும் இன்னும் கழிக்கல. ஏலக் கமிஷனும் அந்தத் தொகைக்குள்ளதான் இருக்கு. அதோட, இது முதல் ரேங்க் வாங்கின பையனோட மார்க் ஷீட்!

மத்த பசங்க?

ஜாகுவார் எக்ஸ்ஜே220-ஐ 1988-ல வி12 இன்ஜினோட காட்டினாங்க. 50,000 பவுண்டு முன்பணம் கட்டி, போட்டி போட்டு புக் பண்ணாங்க. டெலிவரி நேரத்துல பார்த்தா வி6 டர்போ இன்ஜின், நாட்டுல பொருளாதார மந்தம் வேற. பலர் காரை எடுக்க மறுத்து, விஷயம் கோர்ட் வரைக்கும் போச்சு. தயாரானது 300-க்கும் குறைவுதான். அப்படியும் விக்காம தேங்கிச்சு.

400 மட்டும்னு திட்டமிட்ட ஃபெராரி எஃப்40, கடைசியில 1,300-ஐத் தாண்டிடுச்சு. இன்னைக்கு அதுக்கு நல்ல விலை. ஆனா 1990 வாக்குல உச்ச விலைக்கு வாங்கினவங்க, விலை சரிஞ்சு பல வருஷம் காத்திருந்தாங்க.

எண்ணிக்கை குறைவா இருந்தா மட்டும் போதாது. நீங்க விக்கிற நேரத்துல வாங்க ஆள் வேணும்.

நமக்கு என்ன பாடம்?

ஷோரூம்ல கிடைக்கிற 'லிமிடெட் எடிஷன்' பெரும்பாலும் அதே கார்தான். ஸ்டிக்கரும் சீட் கவரும் மட்டும் வேற. இஎம்ஐ போட்டு வாங்கினா, வட்டி ஒரு பக்கம் ஏறும், கார் மதிப்பு இன்னொரு பக்கம் இறங்கும்.

வரி விஷயமும் தெரிஞ்சுக்கோங்க. சொந்த உபயோகத்துக்கான கார் 'பெர்சனல் எஃபெக்ட்ஸ்' கணக்குல வரும். லாபத்துக்கு வித்தா மூலதன ஆதாய வரி கிடையாது; நஷ்டம் வந்தா வேற லாபத்தோட கழிக்கவும் முடியாது.

அதனால, பிடிச்ச காரை பட்ஜெட்டுக்குள்ள ஆசைப்பட்டு வாங்குங்க, ஆசை தீர ஓட்டுங்க. எக்ஸெல் ஷீட்ல மட்டும் அதை செலவு காலத்துல எழுதுங்க. எஸ்ஐபி தொகையில கை வைக்காதீங்க.

சிஏஜிஆர் கணக்கு போடுறதுல சந்தேகம் இருந்தா கமென்ட்ல கேளுங்க. அடுத்த வீடியோல சந்திப்போம்!