போக 10 மணி, திரும்ப 12 மணி!

ஜப்பானின் டோக்கியோவில் இருந்து அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு விமானத்தில் போக ஏறக்குறைய 10 மணி நேரம் ஆகும். அங்கிருந்து டோக்கியோவுக்குத் திரும்ப 12 மணி நேரத்தை நெருங்கிவிடும். தூரம் ஒன்றுதான், விமானமும் ஒரே வகைதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

தம்பி தங்கைகளே, முதலில் தூரத்தைப் பார்ப்போம். இரண்டு நகரங்களும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. வரைபடத்தைப் பார்த்தால் நேர் கிழக்கே போவதுதான் சுருக்கு வழி என்று தோன்றும். அந்த வழி சுமார் 9,300 கி.மீ. ஆனால் பூமி உருண்டை ஆயிற்றே! ஓர் உலக உருண்டையில் இரண்டு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். நூல் வடக்கே வளைந்து, அலூஷியன் தீவுகள் இருக்கும் பக்கமாகப் போகும். அதன் நீளம் சுமார் 8,800 கி.மீ.தான். 500 கி.மீ. மிச்சம்!

இனி நேரத்துக்கு வருவோம். "பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. அப்படியானால் மேற்கே பறக்கும் விமானம்தானே சீக்கிரம் போக வேண்டும்?" என்று சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஓடும் ரயில் பெட்டிக்குள் பறக்கும் ஈ, பின்சுவரில் போய் மோதுவதில்லை. பெட்டிக்குள் இருக்கும் காற்றும் ரயிலோடு சேர்ந்தே போகிறது. அதுபோல் பூமியைச் சுற்றியுள்ள காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. அதனால் சுழற்சி விமானத்துக்கு நேரடியாக உதவாது.

உண்மையான காரணம் ஜெட் காற்றோட்டம். நிலநடுக்கோட்டுப் பக்கம் காற்று சூடாகவும் துருவப் பக்கம் குளிர்ந்தும் இருக்கிறது. இந்த வேறுபாட்டால் மேலே காற்று துருவத்தை நோக்கி நகர்கிறது. பூமியின் சுழற்சி அதைக் கிழக்கே திருப்பிவிடுகிறது. இப்படி உருவாகும் வேகமான காற்று, விமானங்கள் பறக்கும் 10 கி.மீ. உயரத்தையொட்டி வீசுகிறது. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அதன் வேகம் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டுவதும் உண்டு.

1920களில் ஜப்பானிய வானிலை அறிஞர் வஸாபுரோ ஓய்ஷி பலூன்களைப் பறக்கவிட்டு, அவை போகும் திசையையும் வேகத்தையும் அளந்து இந்தக் காற்றைக் கண்டறிந்தார். அப்போது உலகம் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1944இல், இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானுக்கு மேலே மிக உயரத்தில் பறந்த அமெரிக்க விமானிகள் இந்தக் காற்றில் சிக்கித் திணறினார்கள். அதன் பலம் அப்போதுதான் பலருக்கும் புரிந்தது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோமா? விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. வழி முழுவதும் காற்று சராசரியாக மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கிழக்கே வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிழக்கே போகும்போது காற்றின் வேகமும் சேர்ந்து 1,000 கி.மீ. ஆகிவிடும். 8,800ஐ 1,000ஆல் வகுத்தால் 8.8 மணி. மேற்கே வரும்போது எதிர்க்காற்று. அதனால் வேகம் 800 கி.மீ.தான், நேரம் 11 மணி. வித்தியாசம் 2 மணி நேரத்துக்கும் மேல்! ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஆகும் நேரம் தனி.

அதனால்தான் பசிபிக் கடலுக்கு மேலே விமானத் தடங்களை அன்றன்றைய காற்றைப் பார்த்து வகுக்கிறார்கள். கிழக்கே போகும் விமானம் காற்றோடு சேர்ந்து போகும். மேற்கே வருவது காற்றை விட்டு விலகிப் பறக்கும். எரிபொருளும் மிச்சமாகும்.

காற்று மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் வீசினால் போகவும் வரவும் எவ்வளவு நேரம் ஆகும்? நோட்டை எடுங்கள், நீங்களே கண்டுபிடியுங்கள்!